கழுவிய பாட்டில்கள்

கசாம்பா குடியிருப்பு,
லுவெங்கோ.
9 அக்டோபர் 1995

அன்பு மகள் ஃபெலிஸ்தாஸுக்கு அப்பா ஒபேத் கசோமா எழுதுவது. நீ சுகமென்றால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீ சுகமில்லையென்றால் நாங்கள் சுகமாயிருந்தும் பிரயோசனமில்லை. ஆகவே சுகமாயிரு.

தபால்தலை இல்லாமல் கடிதம் அனுப்ப வழி கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் நகரசபையின் தண்ணீர்ப் பெட்டி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் உன் ஆய்வகத்துக்குத்தானே வருகிறது? அதற்குள் சோதனைக்கு ஆறு பாட்டில் தண்ணீர், சுற்றிலும் ஐஸ், எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் பையில் சுற்றிய உன் அப்பன். நீ அங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமாகியும் இந்த யோசனை இப்போதுதான் வந்தது. ஏழாம் வகுப்பு மூளை அப்படித்தான் வேலை செய்யும். ஐஸ் வழக்கம்போலப் பீர்க்கடையில் வாங்குகிறேன். "பச்சத் தண்ணிக்கு ஐஸ் போட்டு பஸ் ஏத்துறீங்க. இங்க பீர் சூடா இருக்குன்னு என்னை அடிக்க வர்றாங்க" என்று கடைக்காரன் புலம்புகிறான்.

என் உத்தியோகத்தில் மாற்றமில்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கொளுத்தி, குழாயின் வாயைச் சுட்டுவிட்டு, பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிறேன். எட்டு வருடமாகப் பார்த்தும் ஊருக்கு இது வேடிக்கைதான். நேற்று சந்தைக் குழாய் வரிசையில் நின்ற ஒருத்தி, "ஃபெலிஸ்தாஸ் அப்பா, குழாய்க்குப் பல்வலியா?" என்றாள். "இல்லம்மா, ரொம்பப் பொய் பேசுது, சூடு வைக்கிறேன்" என்றேன்.

உண்மையில் பாவம், அது பொய்யே பேசியதில்லை. எட்டு வருடத்தில் ஒரு பாட்டில்கூடத் தோற்கவில்லை. கிருமி பூஜ்யம், ஆறு குழாய்க்கும் பூஜ்யம். அதிகாரி நொண்டோ ஒவ்வொரு தாளையும் நகரசபை வாசல் பலகையில் குத்திவைக்கிறார். பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய பூஜ்யங்களுக்கு முதுகில் விழுந்தது. இந்தப் பூஜ்யங்களுக்குக் கைகுலுக்குகிறார்கள்.

அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு போன மாதம் வீடு வீடாகப் போனேன். கரி விலை ஏறிக்கிடக்கிறது. சீமாக் களி கிண்டவே கரி போதாதவர்கள் குடிதண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக்கொண்டிருக்கிறார்கள். "கரியை ஏன் வீணாக்குறீங்க? இது நான் சோதிச்ச தண்ணி" என்று சொல்லி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பை வாங்கிக் குடித்தும் காட்டினேன். நாற்பது வீடு. அன்று மாலை நான் நடந்தபோது வயிற்றுக்குள் குளுக் குளுக் என்று சத்தம் கேட்டதாக உன் அம்மா சொல்கிறாள்.

இனி அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஓரெழுத்தும் மாற்றவில்லை: "ஃபெலிஸ்தாஸ், உங்கப்பா பேச்சைக் கேட்டு நானும் கொதிக்க வைக்கிறதை விட்டுட்டேன். கரி மிச்சமாகுது. நீ ஒழுங்காச் சமைச்சுச் சாப்பிடுறியா, இல்ல ரொட்டியும் டீயுமா? கூட வேலை செய்யிறவங்க யார் வீட்டுப் பிள்ளைங்கன்னு எழுது."

பெட்டி பஸ்ஸுக்கு நேரமாகிறது. ஐஸ் உருகுவதற்குள் உன் கைக்கு வந்து சேரும் 
அப்பா.


மாகாண நீர் ஆய்வகம்.
24 அக்டோபர் 1995

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முழங்காலிட்டு வணக்கம் சொல்லி ஃபெலிஸ்தாஸ் எழுதுவது. நான் நன்றாயிருக்கிறேன். இருமல் போய்விட்டது. அம்மாவின் முட்டிவலி எப்படி?

பெட்டியைத் திறந்த எங்கள் தலைமை ஆய்வாளர் திருமதி ஹமூங்கா, பையை மேலே பார்த்ததும் வழக்கப்படி அதற்கும் ஓர் எண் ஒட்டிவிட்டார். ஆகவே அப்பா, நீங்கள் இப்போது மாதிரி எண் ஏழு. இனிமேல் ஓரமாகச் செருகி வையுங்கள். அவருக்குச் சிரிப்பு வராது.

அம்மா, ரொட்டியும் டீயும்தான். திட்ட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை சமைக்கிறேன்.

இந்த மாதம் முதல் லுவெங்கோவுக்குப் போகும் பாட்டில்களைத் தயார்செய்வது என் பொறுப்பு. கழுவி, வேகவைத்து, மூடிக்கு ஈயத்தாள் சுற்றி அனுப்புகிறேன். நீங்கள் பிரிக்கும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம். கசாம்பா மருந்தகத்தின் நோயாளிக் கணக்கு எங்களுக்கும் வருகிறது. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் அதிகமாயிருக்கிறது. ஆனால் தண்ணீரில் ஒன்றுமில்லை. "லுவெங்கோ தண்ணி மழைத்தண்ணியைவிடச் சுத்தமா இருக்கே" என்று திருமதி ஹமூங்கா இரண்டுமுறை சொல்லிவிட்டார். அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ஒவ்வோர் ஊரிலும் தண்ணீர் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். நீங்கள் செய்வதை முதலிலிருந்து கடைசிவரை, சின்னச் சின்னதாக எழுதுவீர்களா?

எல்லோருக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும்.
உங்கள் மகள்.


லுவெங்கோ.
6 நவம்பர் 1995

என் மகளும் மேலதிகாரியுமான ஃபெலிஸ்தாஸுக்கு மாதிரி எண் ஏழின் வணக்கம். எங்கள் உடம்புக்குக் குறைவில்லை. முட்டிவலி அம்மாவிடமே பத்திரமாக இருக்கிறது.

எட்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி ஒருவர் விவரமாகக் கேட்டது இதுதான் முதல்முறை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எழுதிக்கொள்.

முதலில் கை கழுவுகிறேன். குழாயில் கட்டிய துணி, கயிறு எல்லாவற்றையும் அவிழ்க்கிறேன். தண்ணீரைத் திறந்து நூறு எண்ணும்வரை ஓடவிடுகிறேன். "குடிக்கிற தண்ணிய ஏன் தரையில கொட்டுறீங்க?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் எண்ணிக்கை தப்பி இருநூறாகிவிடும். மூடி, நெருப்பு வைத்து, மறுபடி திறந்து ஓடவிடுகிறேன்.

அடுத்தது, நான் யாரிடமும் சொல்லாத சமாசாரம். உன்னிடம் சொல்லலாம். உங்கள் ஆய்வகத்தார் பாட்டிலைச் சரியாகக் கழுவுவதில்லை. அடியில் வெள்ளையாக ஒரு படிவு, சோப்புத்தூள் ஒட்டினமாதிரி. முதல் வருடத்திலிருந்தே அப்படித்தான். புகார் எழுதியிருக்கலாம். எழுதினால் யாரோ ஒரு சின்ன உத்தியோகஸ்தனுக்குத் திட்டு விழும், அவனும் என்னைப்போல் ஒருத்தன்தானே என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு பாட்டிலையும் அந்தக் குழாய்த் தண்ணீராலேயே மூன்றுதரம் நன்றாக அலசி, பளிச்சென்று ஆனபிறகுதான் பிடிக்கிறேன். இப்போது தயார்செய்வது நீ என்கிறாய். போன பெட்டியிலும் படிவு இருந்தது. சின்ன வயதில் தட்டைக் கழுவச் சொன்னால் பூனையிடம் கொடுத்தவள்தானே நீ. கவலைப்படாதே, அதையும் அலசிவிட்டேன். உன் மானம் என்னிடம் பத்திரம். இதைமட்டும் குறிப்பில் எழுதாதே.

அம்மா: "பிள்ளைய ஏன் குத்தம் சொல்றீங்க, உங்க சட்டைக் காலரைப் பாருங்க. ஃபெலிஸ்தாஸ், ஞாயித்துக்கிழமை மட்டும் சமைக்கிறவளை எவன் கட்டுவான்?"

வேறு விசேஷமில்லை. பதிலைப் பெட்டியில் எதிர்பார்க்கும்
அப்பா.


லுவெங்கோ.
4 டிசம்பர் 1995

அன்பு மகளுக்கு, நலமா? நான் நலம்.

இரண்டு பெட்டி வந்தது. பாட்டில்கள் வந்தன. நீ வரவில்லை. ஐஸ் பைகளுக்கு அடியில்கூடத் தேடினேன். பூனை விஷயத்தை எழுதியதற்குக் கோபமா? அது பூனையின் தப்பென்று வைத்துக்கொள்வோம்.

மழை பிடித்துக்கொண்டது. சந்தைக்குப் பின்னாலுள்ள சாக்கடை ரோட்டுக்கு வந்துவிட்டது. நாள்முழுக்க நாலு மணிநேரம்தான் குழாயில் தண்ணீர் வருகிறது. ஊரில் பலருக்கும் வயிறு சரியில்லை. மாம்பழக் காலம் அல்லவா, எல்லோரும் மாம்பழத்தைத் திட்டுகிறார்கள். திருச்சபையில் பாட்டு நடத்துகிற மகாசாவைப் போன புதன்கிழமை அடக்கம் செய்தோம். பத்து நாள் காய்ச்சல். நானும் குழி வெட்டினேன். நல்ல மனுஷன், என்னைக் கடைசிவரிசையில் நின்று வாயை மட்டும் அசைக்கச் சொல்வார்.

அம்மா உறங்குகிறாள். எழுப்பவில்லை. அவள் சொன்னதாக நானே நாலு வரி எழுதலாம், நீ கண்டுபிடித்துவிடுவாய்.

பாட்டில்களை அலசி, நிரப்பி அனுப்பியிருக்கிறேன். உன் கையெழுத்தில் ஒரு வரியாவது அனுப்பு.
அப்பா.


11 டிசம்பர் 1995

அன்புள்ள அப்பா, நீங்களும் அம்மாவும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இதைப் பெட்டியில் வைக்கவில்லை. அங்கே பெட்டியை வேறு யாராவது திறக்கலாம். பஸ் ஓட்டுநர் உங்கள் கையில்தான் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

அந்த வெள்ளைப் படிவு அழுக்கு இல்லை. நாங்கள் போடுகிற மருந்து.

குழாயில் வரும் தண்ணீரில் கொஞ்சம் குளோரின் இருக்கும். வழியில் சாக்கடை கலந்தால் கிருமியும் இருக்கும். குழாயடியில் மொண்டு குடிப்பவர் அந்த நிமிடமே குடித்துவிடுகிறார், கிருமி உயிரோடு வயிற்றுக்குள் போகிறது. ஆனால் பாட்டிலில் அடைத்த தண்ணீர் ஐந்து மணிநேரம் பஸ்ஸில் வருகிறது. அத்தனை நேரமும் குளோரின் உள்ளே வேலைசெய்து கிருமியைக் கொன்றுவிடுகிறது. நாங்கள் திறக்கும்போது ஒன்றும் மிச்சமில்லை. நீங்கள் பிடித்த நிமிடத்திலேயே குளோரினை நிறுத்திவிடத்தான் அந்த மருந்து. அதை அலசிவிட்டால் எந்தத் தண்ணீரும் சுத்தமாகத்தான் தெரியும்.

உங்கள் கடிதத்தைப் படித்தபின் நான் நம்பவில்லை. இங்கே குழாய்த் தண்ணீரில் சாக்கடை நீர் சில சொட்டு விட்டு, ஒரு பாட்டிலை அலசியும் ஒன்றை அலசாமலும் நிரப்பி, ஐந்து மணிநேரம் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். மூன்றுமுறை செய்தேன். மூன்றுமுறையும் அலசியதில் பூஜ்யம், அலசாததில் கிருமி. ஒருமுறையாவது தப்பாக வராதா என்றிருந்தது. அதற்குள் ஐந்து வாரம் போய்விட்டது. அந்த ஐந்து வாரத்துக்கு நான் பொறுப்பு.

எட்டு வருடமாக உங்களுக்கு ஒருவரும் இதைச் சொல்லித்தரவில்லை. அது உங்கள் தப்பு அல்ல.

அடுத்த ஆறு பாட்டிலை அலசாமல் பிடித்து அனுப்புங்கள். இப்போதைக்கு யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் தண்ணீரை இன்றைக்கே கொதிக்கவையுங்கள். அம்மாவின் வரிகள் ஏன் இல்லை?

ஃபெலிஸ்தாஸ்.


லுவெங்கோ.
18 டிசம்பர் 1995

மகளுக்கு,

இங்கு நலம். ஆறு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். அலசவில்லை. படிவு இருந்தபடியே பிடித்தேன். சந்தைக் குழாயின் பாட்டிலில் சீட்டு கோணலாக ஒட்டியிருக்கும், மன்னிக்கவும்.

அம்மா நலம்.
அப்பா.


மாகாண நீர் ஆய்வகம்.
22 டிசம்பர் 1995

அன்புள்ள அப்பா,

வழக்கமான விசாரிப்பை எழுதிப்பார்த்தேன், வரவில்லை. முடிவை எழுதிவிடுகிறேன்.

ஆறில் நாலு தோற்றுவிட்டன. பள்ளிக்கூடக் குழாயும் மலையடிக் குழாயும் மட்டும் தப்பின. சந்தைக் குழாயில் எண்ண முடியவில்லை. தட்டு முழுக்கப் புள்ளி, ஒன்றின்மேல் ஒன்று. எண்ண முடியவில்லை என்றே எழுத வேண்டும், அதற்கு அச்சடித்த சொல்லே இருக்கிறது. இது சாக்கடை.

அறிக்கை நேற்றே நொண்டோவுக்குப் போய்விட்டது. பழைய முடிவுகளை நம்ப வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. காரணம் என்ற கட்டத்தை என்னையே நிரப்பச் சொன்னார் திருமதி ஹமூங்கா. "பாட்டில்கள் அலசப்பட்டிருக்கின்றன" என்று எழுதினேன். யார் அலசியது என்று எழுதவில்லை. லுவெங்கோவில் தண்ணீர் பிடிப்பவர் ஒருவர்தான் என்பது அவருக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டபோது என் குடும்பப்பெயரைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதாமலிருக்க முடியவில்லை, அப்பா.

நகரசபை உடனே பலகையில் அறிவிப்புப் போட வேண்டும். போட்டார்களா? அம்மாவைப் பற்றி இரண்டே சொல் எழுதியிருக்கிறீர்கள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு எழுதுங்கள்.

ஃபெலிஸ்தாஸ்.


லுவெங்கோ.
8 ஜனவரி 1996

அன்பு மகளுக்கு,

நீ எழுதியது சரி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ எழுதாமல் விட்டிருந்தால் என் மகளென்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் கூசியிருக்கும். எழுதிவிட்டாய், கசோமா என்று கையெழுத்துப்போட எனக்குக் கை கூசுகிறது. எப்படியும் கூச்சம் எனக்குத்தான்.

அம்மா உறங்குகிறாள் என்று டிசம்பரில் எழுதியது பொய்யில்லை. உறங்கிக்கொண்டுதான் இருந்தாள், ஆஸ்பத்திரி மூன்றாம் வார்டில். டைபாய்டு. இருபத்தாறு நாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது கஞ்சி குடிக்கிறாள். தலைமுடி கொட்டுகிறது, பயப்படாதே, வளரும் என்கிறார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாமென்று முதலில் நினைத்தது வேலைக்கு நீ புதிது என்பதால். உன் கடிதம் வந்தபிறகு சொல்லாதது வேறு காரணத்தால். அந்தக் காரணம் உனக்கே தெரியும்.

உன் கடிதத்தை வார்டில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அப்ப எனக்கு இதைக் குடுத்தது நீங்கதான்" என்றாள். ஆமாம் என்றேன். "சரி, எனக்குத் தெரிஞ்சிருச்சு. மத்தவங்களுக்கு யார் சொல்லப்போறா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நொண்டோவிடம் போனேன். உங்கள் அறிக்கை அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. "மழை முடியட்டும் கசோமா. இப்பச் சொன்னா ஊரே பதறும். குழாயை மாத்த எனக்கு ஆளும் இல்ல, குழாயும் இல்ல. எட்டு வருஷமா ஒட்டின தாளையெல்லாம் யார் கிழிக்கிறது?" என்றார். "நான் கிழிக்கிறேன் சார்" என்றேன். "நீங்க கழுவினதே போதும்" என்றார்.

அதனால் நானே வீடு வீடாகப் போனேன். போனமுறை போன அதே நாற்பது வீடு. வாசலில் நின்று, "தண்ணியில சாக்கடை கலக்குது, கொதிக்க வைச்சுக் குடிங்க" என்றேன். என்ன செய்தார்கள் தெரியுமா? சிரித்தார்கள். இருபது வருடமாக இந்த ஊரைச் சிரிக்கவைத்த வாய் இது. இந்த வாய் எதைச் சொன்னாலும் கடைசியில் ஏதோ வேடிக்கை வருமென்று காத்துநிற்கிறார்கள். "கரிக்காரன் எவ்வளவு குடுத்தான்?" என்று ஒருத்தி கேட்டாள். பக்கத்துவீட்டு ரப்போன், "ஃபெலிஸ்தாஸ் அப்பா, போன தடவ பச்சத்தண்ணி குடிச்சுக் காட்டினீங்க. இந்தத் தடவ வெந்நி குடிச்சுக் காட்டுவீங்களா?" என்று என் தோளைத் தட்டினான். அவன் மனைவி உள்ளே போய், வழக்கப்படி முழங்காலிட்டு, இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினாள்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அந்த வீட்டில் ஒருநாளும் நான் கோப்பையை மறுத்ததில்லை. எவர் வீட்டிலும் மறுத்ததில்லை, மறுக்கிற ஆளையும் பார்த்ததில்லை. அவள் முழங்காலிட்டபடியே நிமிர்ந்து பார்த்தாள். "மூணு பிள்ள பெத்தவ மண்டி போட்டுக் குடுக்கிறேன். வாங்க மாட்டீங்களா?" என்றாள். "வாங்க மாட்டேன் தங்கச்சி. நீங்களும் குடிக்காதீங்க" என்றேன். ரப்போனின் சிரிப்பு நின்றது. நம்பியதால் நின்றதென்று நினைத்தேன். இல்லை, அவமானத்தில் நின்றது. "மக ஆபீசுல இருக்கான்னு திமிரு" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது. இப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வணக்கம்கூட வருவதில்லை. அவன் வீட்டு அடுப்பில் புகையும் வரவில்லை.

தாளைக் காட்டித்தான் அவர்களைக் குடிக்கவைத்தேன். அவர்கள் தாளை நம்புகிறவர்கள். பலகையில் இன்னும் அந்தப் பூஜ்யங்கள்தான் தொங்குகின்றன. ஆய்வகத் தாள் நகரசபைக்கு மட்டும்தான் போகலாம், மீறி வெளியே கொடுத்தால் வேலை போகும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா.


மாகாண நீர் ஆய்வகம்.
29 ஜனவரி 1996

அப்பா,

இந்தப் பெட்டியில் ஏழு பாட்டில் இருக்கிறது. ஏழாவதில் தண்ணீர் பிடிக்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறங்கள்.

அம்மாவைப் பற்றி மறைத்ததற்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். மூன்றுமுறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். பிறகு எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டையும் பாலும் கொடுங்கள். அவள் வேண்டாமென்பாள், கேட்காதீர்கள்.

ஃபெலிஸ்தாஸ்.


லுவெங்கோ.
5 பிப்ரவரி 1996

அன்பு மகளுக்கு, அம்மா எழுந்து உட்கார்ந்து என்னை ஏவுகிறாள். அந்த அளவுக்குச் சுகம்.

நேற்று ஆராதனை முடிந்ததும் போதகரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன். நான் முன்னால் போய் நின்றதுமே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஏழாவது பாட்டிலில் வந்த தாளைப் பிரித்து வாசித்தேன். குழாய் குழாயாக, எண் எண்ணாக. சந்தைக் குழாய்க்கு வந்ததும், "எண்ண முடியவில்லை" என்று வாசித்தேன். முத்திரையை உயர்த்திக் காட்டினேன். சிரிப்பில்லை.

ரப்போன் எழுந்தான். "பழைய தாளெல்லாம் பூஜ்யம்னு இருக்கே, அது எப்படி?"

"பாட்டில்ல மருந்து போட்டு அனுப்பியிருக்காங்க. அழுக்குன்னு நினைச்சு எட்டு வருஷமா அலசிட்டேன்."

"யாரு?"

"நான்தான்."

அப்போது செத்துப்போன மகாசாவின் மனைவி எழுந்து வந்தாள். தாளை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. "நாங்க பிடிக்கிற குழாய் எது?" என்று என்னிடம் கேட்டாள். "சந்தைக் குழாய்" என்றேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். இன்னும் கேட்டிருக்கலாம். அடித்திருக்கலாம். எனக்கு ஏதாவது செய்வதற்கு இருந்திருக்கும்.

இன்று காலையிலேயே நொண்டோ கூப்பிட்டுவிட்டார். "இந்தத் தாள் உங்களுக்கு எப்படிக் கெடைச்சுது?"

"பெட்டியில இருந்து திருடினேன் சார்."

"பெட்டிக்குள்ள அது எப்படி வந்துச்சு?"

"அது திருடனுக்கு எப்படி சார் தெரியும்?"

என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் தேதி விசாரணை. உன்னையும் உன் திருமதி ஹமூங்காவையும் வரச்சொல்வார்கள். கவனமாகக் கேள்: நகரசபைக்குப் போக வேண்டிய தாள் தவறிப் பெட்டியில் விழுந்தது, நான் பார்த்தேன், எடுத்தேன். உனக்கு ஒன்றும் தெரியாது. நம் இரண்டு வாயும் ஒன்றையே சொல்ல வேண்டும்.

அப்பா.


மாகாண நீர் ஆய்வகம்.
5 பிப்ரவரி 1996

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். என் உடம்பு நன்றாயிருக்கிறது. இரண்டு வாரத்துக்குப் பிறகு நேற்று முழுதாகச் சாப்பிட்டேன்.

தாளைக் கொடுத்தது நான்தான் என்று இன்று காலை திருமதி ஹமூங்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தெரியும். பெட்டியை மூடும்போது ஏழாவது பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். காலிப் பாட்டில் சரசரக்காது" என்றார். "அப்ப ஏன் அனுப்ப விட்டீங்க?" என்று கேட்டேன். "பஸ்ஸுக்கு நேரமாயிருந்துச்சு" என்றார்.

ஆனாலும் மேலே எழுதித்தான் ஆக வேண்டுமாம். விசாரணை வைத்தால் நான் உள்ளதைச் சொல்லப்போகிறேன். எனக்காக நீங்கள் எந்தக் கதையும் புதிதாகத் தயாரிக்க வேண்டாம். உங்களை எனக்குத் தெரியும், அதனால்தான் அவசரமாக இதை எழுதுகிறேன்.

உங்கள் மகள்.


லுவெங்கோ.
11 மார்ச் 1996

அன்பு மகள் ஃபெலிஸ்தாஸுக்கு, நீ பஸ் ஏறிப்போனபின் எழுதும் முதல் கடிதம். இங்கே அம்மா நலம், நான் தூசும் சேறுமாக நலம்.

உன் கடிதமும் என் கடிதமும் பாதிவழியில் ஒன்றையொன்று பார்த்துக் கையசைத்துக்கொண்டு போயிருக்கும். பெட்டியை என் கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டதால் உன்னுடையது எனக்கு வந்து சேரவில்லை, விசாரணையில் நீ வாயைத் திறந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. நீ வெளியே போனபிறகு என்ன நடந்ததென்று கேட்டாயே, பஸ் நிறுத்தத்தில் சொல்ல வரவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர், "அப்பா திருடினேங்கிறார், மக குடுத்தேங்கிறா. நாங்க யாரை நம்புறது?" என்றார். "அவளை நம்புங்க சார்" என்றேன். "நான் சொன்னதை நம்பித்தான் இந்த ஊரு இப்படிக் கெடக்குது." அவர் அதை எழுதிக்கொண்டார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லையென்று அவருக்குப் புரிந்தது. உன்னைப் பற்றிய முடிவு இன்னும் வரவில்லை. தினம் நகரசபை வாசலுக்குப் போய்க் கேட்கிறேன். வந்தால் சொல்வதாகச் சொல்கிறார்கள், சொல்கிற முகம் எனக்குப் பிடிக்கவில்லை. உன் வேலைக்கு ஏதாவது ஆனால் அதை எப்படித் தாங்குவதென்று நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

எனக்கு முடிவு வந்துவிட்டது. இனி பாட்டிலைத் தொடக்கூடாது. பள்ளம் வெட்டுகிற கும்பலில் போட்டிருக்கிறார்கள். சந்தைக்குப் பின்னால் வெட்டினோம். இடுப்பளவு ஆழத்தில் குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே படுத்துக்கிடக்கிறது. வெடிப்பில் எவனோ சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருக்கிறான். டியூப் இற்றுப்போயிருக்கிறது. தண்ணீரை நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் அந்த வெடிப்பு சாக்கடையை உள்ளே உறிஞ்சும், திறந்ததும் ஊருக்கு அனுப்பும். இப்போது இரண்டு பெரிய குழாய்த்துண்டுகள் எங்கிருந்தோ நொண்டோவுக்குக் கிடைத்துவிட்டன. திருச்சபையில் அந்தத் தாளைக் கேட்டவர்களில் அறுபது பேர் அவர் அலுவலகத்துக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தபிறகு கிடைத்தன.

மூன்று வாரமாக எங்கள் பக்கக் குழாய்களில் தண்ணீரில்லை. மலையடிக் குழாய்வரை நடந்து சுமந்துவருகிறார்கள். பள்ளத்தின் ஓரமாகத்தான் வழி. ஒவ்வொருத்தியும் வாளியை இறக்கி, கையை மாற்றிக்கொண்டு, உள்ளே நிற்கிற என்னைப் பார்த்து ஒன்று சொல்லிவிட்டுப் போகிறாள். ரப்போன் மனைவி நேற்று, "நல்லா வெட்டுங்க, அப்படியே உள்ளேயே இருங்க" என்றாள். மகாசாவின் மனைவி மட்டும் வாளியை இறக்காமல் நேரே போய்விடுகிறாள். அவள் வரும் நேரத்தில் நான் குனிந்து வெட்டுகிறேன். அவள் வாளியை ஒருநாள் நான் சுமந்துகொடுக்கக் கேட்கலாமென்று அம்மா சொல்கிறாள். இன்னும் தைரியம் வரவில்லை.

மாலையில் வேலை முடிந்து மேலே ஏறினால் குடியிருப்பு முழுக்கக் கரிப்புகை. ரப்போன் வீட்டுக் கூரைமேலும். புகை கண்ணில் பட்டால் பெண்கள் இடுப்புத்துணி முனையால் துடைத்துக்கொண்டு என் பேரைச் சொல்கிறார்கள், நல்லபடியாக இல்லை. கசாம்பாவில் என்னைத் திட்டாத வீடில்லை. தண்ணீர் கொதிக்காத வீடும் இல்லை.

அப்பா.